கொட்டலசும் என் தங்கத் தகடும்

தடைக்காலம் வந்துவிட்டால் பாம்பனில் கடலைவிடக் கரையில்தான் ஆள் நடமாட்டம் அதிகம். ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, அதனால் படகைக் கரையேற்றி பலகை மாற்றுவது, சந்து அடைப்பது, பெயிண்ட் அடிப்பது என்று எல்லா வேலையும் அந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கும். சித்தப்பா பங்கு வைத்திருக்கிற படகும் இந்த முறை ஏறியிருந்தது. ஆய்வகத்தில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டு ஊருக்கு வந்திருந்த நான், டீ கொடுக்கப் போனவள் அப்படியே மதியம் வரை படகு நிழலில் உட்கார்ந்துவிட்டேன்.

சித்தப்பா கொட்டலசு சுரண்டிக்கொண்டிருந்தார். தெரியாதவர்களுக்கு: படகின் அடியில், பாலத்துத் தூணில், பாறையில் எல்லாம் சின்னச் சின்ன எரிமலை மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். வெறுங்காலோடு மிதித்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். உளியை வைத்து நெம்பினால் ஓடு உடைந்து விழுகிறது, ஆனால் அடியில் வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு பலகையிலேயே நின்றுவிடுகிறது. அதைக் கிட்டத்தில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னத்தா, கொட்டலசையும் படிப்புல சேத்துட்டாங்களா?"

"இது எப்படி ஒட்டுதுன்னு பாக்கிறேன் சித்தப்பா."

"இது எங்க முதல்ல ஒட்டுது? படகை இறக்கின மறுநாளே அடியில கைய வச்சுப் பாரு, வழவழன்னு ஒன்னு புடிச்சிருக்கும். அது புடிச்சாத்தான் கொட்டலசு வரும். அது புடிக்காட்டி எனக்கு எதுக்கு இந்த உளி?"

நான் செமினாரில் இருபது ஸ்லைடு போட்டுச் சொல்வது இதைத்தான். சுத்தமான எந்தப் பரப்பைக் கடலில் வைத்தாலும், சில நிமிடங்களிலேயே தண்ணீரில் கரைந்திருக்கும் புரதம், சர்க்கரை வகையறாக்கள் அதன் மேல் ஒரு மெல்லிய பூச்சாக ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாது, சில நானோமீட்டர்தான் இருக்கும். அடுத்த சில மணி நேரத்தில் பாக்டீரியா, பிறகு நுண்பாசி, இந்தக் கட்டத்தில்தான் சித்தப்பா சொல்லும் வழவழப்பு கைக்குத் தெரிகிறது. கொட்டலசுக் குஞ்சு அதற்குப் பிறகு வந்து, பரப்பின் மேல் நடந்து நடந்து சோதித்துப் பார்த்து, பிடித்திருந்தால்தான் தலைகீழாக ஒட்டிக்கொள்ளும். முதலில் ஏறுகிற அந்த நானோமீட்டர் கணக்குப் பூச்சுதான் எனக்குச் சோறு போடுகிறது. தானாக ஏறுவதற்கு முன்னால் நாங்களே வேண்டிய மாதிரி ஒரு பூச்சை ஏற்றிவைப்பது, அதை வைத்து நோய் கண்டுபிடிக்கும் சென்சார் செய்வது, இவ்வளவுதான் வேலை. சொல்ல எளிதாகத்தான் இருக்கிறது.

ஒரு மூலக்கூறு தடிமனுக்குப் பூச்சு என்றால் நம்ப மாட்டார்கள். எங்கள் ஊர் வடகடல் காற்று அதிகமில்லாமல் கிடக்கும் நாளில் பார்த்திருக்கலாம், தண்ணீர் முழுக்கச் சின்ன அலை சிலிர்த்துக்கொண்டிருக்க, நடுவே மட்டும் பட்டை பட்டையாக, இஸ்திரி போட்ட மாதிரி வழவழவென்று ஒரு பாதை ஓடும். பாசியும் மிதவை உயிர்களும் விடுகிற கொழுப்பும் புரதமும் மேலே மிதந்து, ஓரிடத்தில் நெருக்கப்பட்டு, ஒரு மூலக்கூறு தடிமனில் தோலாக விரிந்து, சின்ன அலைகளை அமுக்கிவிடுகின்றன. ஒரு தேக்கரண்டி எண்ணெய் இப்படி விரிந்தால் அரை ஏக்கர் வரை மூடும். டீசல் சிந்தினால் வானவில் தெரிகிறதே, அது இதைவிட நூறு மடங்குக்கும் மேல் தடிமன்.

இதை முதலில் ஒழுங்காக அளந்து பார்த்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆக்னஸ் பொக்கெல்ஸ், ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் ஊரில் பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டில் இருந்த பெண். அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெய் பிசுக்கு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துப் பார்த்து, ஒரு தகரத் தொட்டி, அதன் குறுக்கே நகர்த்துகிற தகரப் பட்டை, ஒரு பொத்தானைத் தொங்கவிட்ட தராசு, இவற்றை வைத்தே நீர்ப்பரப்பின் இழுவிசையை அளந்துவிட்டார். 1891-இல் அதையெல்லாம் இங்கிலாந்தில் இருந்த ராலே பிரபுவுக்கு ஜெர்மன் மொழியில் கடிதமாக எழுத, ராலே அதை மொழிபெயர்க்கச் செய்து நேச்சர் இதழுக்கு அனுப்பிவைத்தார், அதே ஆண்டு மார்ச்சில் அச்சாகியது. பின்னாளில் இதே வகைத் தொட்டியை மேம்படுத்திப் பயன்படுத்திய அமெரிக்கர் இர்விங் லாங்மியூருக்கு 1932-இல் நோபல் பரிசு. அதே 1932-இல் பொக்கெல்ஸுக்கு எழுபது வயதில் ஒரு கௌரவ டாக்டர் பட்டம். இன்றைக்கு அந்தத் தொட்டியின் பெயர் லாங்மியூர் தொட்டி. லாங்மியூருடன் வேலை செய்த கேத்தரின் பிளாட்ஜெட், நீர்மேல் மிதக்கும் அந்தத் தோலைக் கண்ணாடியில் அடுக்கடுக்காக எடுத்து, கண்ணாடி பளபளக்காமல் செய்தார். அது தனிக்கதை.

நாங்கள் தொட்டியெல்லாம் வைப்பதில்லை. தங்கம் பூசிய கண்ணாடித் துண்டை ஒரு கரைசலில் போட்டு, மூடி, இரவு முழுக்க விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். மூலக்கூறுகள் தாங்களே போய் வரிசையில் நின்றுகொள்ளும். ஆங்கிலப் பெயரைச் சுருக்கி எல்லோரும் 'சாம்' என்போம், செல்ஃப் அசெம்பிள்டு மோனோலேயர், தானாக அடுக்கிக்கொள்ளும் ஒற்றை மூலக்கூறுப் பூச்சு. 1983-இல் நுஸ்ஸோ, அல்லாரா என்ற இருவர் தங்கத்தில் இதைச் செய்து காட்டிய பிறகு உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டது.

சூட்சுமம் கந்தகத்தில் இருக்கிறது. வெள்ளிக் கொலுசு கறுத்துப்போகிறதே, அதுவும் கந்தகம் செய்கிற வேலைதான். உலோகத்தைக் கண்டால் விடாது. தங்கம் யாரோடும் சேராது என்று பேர், ஆனால் கந்தகத்தோடு சேர்ந்துவிடும். ஒரு முனையில் கந்தகம், நடுவில் பத்துப் பதினொரு கார்பன் நீளத்துக்கு வால், மறுமுனையில் நமக்கு வேண்டிய ஒரு கொக்கி, இப்படி ஒரு மூலக்கூறு. தயால் என்பது குடும்பப் பெயர். கந்தகம் தங்கத்தில் உட்கார, வால்கள் ஒன்றோடொன்று ஒட்டி உரசி நிமிர்கின்றன. நேராக நிற்பதில்லை, சுமார் 30 பாகை சாய்ந்து நிற்கும். கச்சான் காற்றில் வளர்ந்த பனந்தோப்பு முழுக்க ஒரே பக்கம் சாய்ந்திருக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மரத்துக்கு நடுவே அரை நானோமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய 460 லட்சம் கோடி மரம். தோப்பின் உயரம் ஒன்றரை நானோமீட்டர் சொச்சம். முதல் சில நிமிடத்திலேயே இடம் பெரும்பாலும் நிரம்பிவிடும், ஆனால் நெருக்கியடித்து ஒழுங்காக நிற்கப் பல மணி நேரம் ஆகும். அதனால்தான் ராத்திரி முழுக்க ஊறல்.

வாசனையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சமையல் கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரிய வேண்டும் என்று சிலிண்டரில் ஒரு நாற்றத்தைக் கலக்கிறார்கள் இல்லையா, அதுவும் இந்தத் தயால் குடும்பத்துப் பிள்ளைதான், எத்தில் மெர்காப்டன். நாங்கள் பயன்படுத்தும் நீள வால்காரர்கள் அவ்வளவு மோசமில்லை, குட்டை வால்காரர்கள்தான் உயிரை எடுப்பார்கள். ஒருமுறை அப்படி ஒன்றோடு வேலை செய்துவிட்டு அதே துப்பட்டாவோடு பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன். வாசலில் நெத்திலிக் கருவாடு காய்கிறது, அந்த வாசத்தையும் தாண்டி அம்மா மூக்கு கண்டுபிடித்துவிட்டது. நான் பையை இறக்குவதற்குள் ஓடிப்போய் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலையெல்லாம் திறந்து, பக்கத்து வீட்டையும் கூப்பிட்டாகிவிட்டது.

பூச்சு ஏறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள லட்சக்கணக்கில் விலையுள்ள கருவிகள் இருக்கின்றன. எங்களுக்கு முதல் சோதனை ஒரு சொட்டுத் தண்ணீர்தான். அப்போதுதான் சுத்தம் செய்த தங்கத்தில் சொட்டு விட்டால் பரவி ஓடிவிடும். வால்முனையில் வெறும் மீத்தைல் இருக்கிற தயாலில் ஊறிய தங்கத்தில் விட்டால், மெழுகு மேல் விழுந்த மாதிரி உருண்டு உட்காரும், ஓரத்தில் கோணம் அளந்தால் 110 பாகை வரை காட்டும். வால்முனையில் அமிலம் இருக்கிற தயால் என்றால் மறுபடியும் தட்டையாகப் பரவும். அதே தங்கம், அதே நீள வால், நுனியில் நாலைந்து அணு மட்டும் வேறு. இதை முதல் தடவை பார்த்த அன்று நான் எத்தனை தகட்டை வீணாக்கினேன் என்று சாரிடம் இன்னும் சொல்லவில்லை. ஒருநாள் அமிலத் தகட்டில் சொட்டு அரைகுறையாக நின்றது. கரைசலை மாற்றினேன், எத்தனாலை மாற்றினேன், ஒன்றும் சரிப்படவில்லை. காலையில் தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய்க் கையோடு கையுறைப் பெட்டியைத் துழாவியிருக்கிறேன் என்பது நாலாவது நாள்தான் புரிந்தது. பொக்கெல்ஸ் சிரித்திருப்பார்.

சரி, சென்சாருக்கு வருகிறேன்.

எங்கள் திட்டம் இறால் வெள்ளைப்புள்ளி நோய். தொண்டி போகிற வழியில் மாமா ஒருவர் இறால் குளம் வைத்திருக்கிறார், அவர் வீட்டில் இந்த நோயின் பேரைச் சொன்னால் சாப்பாடு இறங்காது. தீனி எடுப்பது குறையும், இறால் வரப்போரம் வந்து சோர்ந்து நிற்கும், ஓட்டில் வெள்ளைப் புள்ளி தெரியும், மூன்றில் இருந்து பத்து நாளைக்குள் குளமே காலியாகிவிடலாம். மருந்து கிடையாது. முன்கூட்டியே தெரிந்தால் கிடைத்த அளவுக்குப் பிடித்து விற்றுவிடலாம், பக்கத்துக் குளத்துக்குத் தண்ணீர் போகாமல் அடைக்கலாம். இப்போது நம்பிக்கையாகச் சோதிப்பது பிசிஆர், அதற்கு இறாலைக் கொண்டுபோய் லேப்பில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வரப்பிலேயே பார்க்க ஒரு தகடு இருந்தால் நல்லது என்பதுதான் யோசனை.

இந்த நோயைத் தருகிற வைரஸின் வெளித்தோலில் விபி28 என்று ஒரு புரதம் உண்டு. அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் தகட்டில் நட வேண்டும். வெறும் தங்கத்தின் மேல் ஆன்டிபாடியை ஊற்றினாலும் ஒட்டும், ஆனால் குப்புற விழுந்து, மடங்கி, வடிவம் கெட்டு ஒட்டும். கை உடைந்தவனிடம் வலையைக் கொடுத்த கதை. அதனால்தான் நடுவில் சாம். வால்முனை அமிலத்தை இடிசி, என்எச்எஸ் என்ற இரண்டு மருந்து போட்டு உசுப்பிவிட்டால், ஆன்டிபாடியில் இருக்கும் அமீன் வந்து கை கோத்துக்கொள்ளும். அப்போதும் எல்லாம் நிமிர்ந்து நிற்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் பிழைத்துக்கிடக்கும். மிச்சம் உசுப்பிய இடங்களை எத்தனாலமீன் ஊற்றி அடைத்துவிடுவோம்.

வைரஸ் வந்து மாட்டியதை எப்படித் தெரிந்துகொள்வது? கரைசலில் பெர்ரிசயனைடு அயனிகள் இருக்கும், அவை தங்கத்தின் பக்கத்தில் வந்து எலெக்ட்ரான் வாங்கிக் கொடுத்துப் போகும். வழியில் கூட்டம் சேரச் சேர அவற்றுக்குப் போக்குவரத்து சிரமம், அது மின்தடையாகத் தெரியும். எங்கள் தோப்பின் உயரம் ஒன்றரை நானோமீட்டர், ஆன்டிபாடி பத்து, வைரஸோ சுமார் 275 நீளமும் 120 அகலமும். தோப்பின் மேல் கப்பல் வந்து தட்டிய மாதிரி. தடை ஏறாமல் எங்கே போகும்?

ஏறியது. சுத்தமான உப்புக் கரைசலில் வைரஸ் புரதத்தைக் கலந்து விட்டபோது கோடு அழகாகப் படிப்படியாக ஏறியது. அடுத்து மாமா குளத்துத் தண்ணீரைக் குப்பியில் பிடித்து வந்து விட்டேன். அம்மாடி, அதைவிட மூன்று மடங்கு. குளத்தில் வெள்ளைப்புள்ளி வந்துவிட்டது என்று முடிவு கட்டி மாமாவுக்கு போன் போடக் கையை வைத்துவிட்டேன்.

சார் வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார், "கன்ட்ரோல் எங்கம்மா?"

ஒப்பிட்டுப் பார்க்க, வைரஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்டு ஆன்டிபாடியை நட்டு வைத்த தகட்டில் அதே குளத்துத் தண்ணீரை விட்டேன். அதுவும் அதே மூன்று மடங்கு ஏறியது. ஆன்டிபாடியே இல்லாத தகட்டிலும் ஏறியது. மாமா குளத்தில் இருந்தது தீனிக் கரைசலும் பாசியும் இறால் சளியும்தான். என் தகடு வைரஸைக் கண்டுபிடிக்கவில்லை, ஈரத்தைக் கண்டுபிடித்தது என்றுகூடச் சொல்லலாம். ஒன்றரை மாத வேலை. அன்று சாயங்காலம் ஹாஸ்டலில் சாப்பிடவில்லை.

படகுக்கு அடியில் சித்தப்பா சொன்ன 'வழவழன்னு ஒன்னு' என் தகட்டிலும் பத்து நிமிடத்தில் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது. அவரிடம் இதற்கு வழி இருக்கிறது. அந்தச் சிவப்புப் பெயிண்ட் சும்மா அழகுக்கு இல்லை, அதில் இருப்பது தாமிர ஆக்சைடு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வருகிறவற்றைக் கொல்லும். அதற்கு முன்னால் முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவிய காலம் உண்டு. எனக்கு அந்த வழி கிடையாது, விஷம் வைத்தால் முதலில் சாவது என் ஆன்டிபாடிதான். கொல்லக் கூடாது, விரட்டவும் கூடாது, வருகிறவனுக்கு உட்காரத் தோன்றக் கூடாது, அதேசமயம் வேண்டிய ஒருத்தன் மட்டும் உட்கார வேண்டும்.

1991-இல் ஹார்வர்டில் பிரைம், வைட்சைட்ஸ் இருவரும் சயின்ஸ் இதழில் எழுதியதுதான் இதற்கு இன்றுவரை முதல் மருந்து. தயாலின் நுனியில் எத்திலீன் கிளைக்கால் என்ற துண்டை மூன்று முதல் ஆறு முறை கோத்துவிட்டால், அந்தப் பரப்பில் புரதம் ஒட்ட மறுக்கிறது. காரணம் தண்ணீர். அந்தத் துண்டு தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், புரதம் உட்கார வேண்டுமானால் அந்தத் தண்ணீரை எழுப்பிவிட வேண்டும், எழுப்புவதற்குக் கொடுக்கிற விலை கட்டுபடியாகாமல் அது நகர்ந்துவிடும். ஈரத்தை வைத்தே ஒட்டாமல் செய்வது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது, நாம் ஒட்டக்கூடாது என்றால் மெழுகு, எண்ணெய் என்றல்லவா போவோம். மெழுகு மாதிரியான மீத்தைல் பரப்பில்தான் புரதம் ஆசையாக வந்து அப்பிக்கொள்ளும்.

அதனால் இப்போது தோப்பில் இரண்டு சாதி மரம். பத்தில் ஒன்று கொக்கி உள்ளது, மீதி ஒன்பதும் இந்தத் தண்ணீர் பிடிக்கிறவை. கொக்கியைக் குறைத்தால் சிக்னல் குறையும் என்று பயந்தேன். குறைந்தது கொஞ்சம்தான், நெருக்கியடித்த ஆன்டிபாடியில் பாதி சும்மா நின்றிருக்கிறது போல. ஆட்டு ஆன்டிபாடித் தகட்டில் கோடு தரையோடு படுத்துக்கொண்டது. மாமா குளத்துத் தண்ணீரை வடிகட்டி, பத்து மடங்கு நீர்க்கவைத்து, கால் மணி நேரத்துக்குள் படித்துவிட்டால் வித்தியாசம் தெரிகிறது. அரை மணி விட்டால் கன்ட்ரோலும் மெல்ல ஏற ஆரம்பிக்கும். எப்பேர்ப்பட்ட பூச்சாக இருந்தாலும் குளத்துக்குப் பொறுமை அதிகம்.

இன்னொன்று ஆயுசு. இந்த லீவுக்கு வரும்போது இரண்டு தகட்டைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து, தென்கடல் பக்கம் பார்த்த ஜன்னலில் வைத்தேன். ஒரு வாரம் கழித்து எடுத்துக் கழுவிச் சொட்டு விட்டால், உருண்டு நிற்க வேண்டியது பரவுகிறது. நம் ஊர்க் காற்றைத் தெரியாதா? புதுப் பாம்பன் பாலத்துக்கே துருவுக்குப் பயந்து பாலிசிலாக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். உப்புக்காற்று தின்றுவிட்டது என்று சாருக்கு மெசேஜ் போட்டேன். பழியைக் கடல் மேல் போடாதே என்று பதில் வந்தது. காற்றில் இருக்கும் கொஞ்சூண்டு ஓசோன் போதுமாம், கந்தகத்தைச் சல்போனேட்டாக்கிவிடும், அதற்குத் தங்கத்தில் பிடிப்பில்லை, கழுவினால் போய்விடும். சென்னையில் வைத்திருந்தாலும் இதே கதைதான். நைட்ரஜன் அடைத்த பையில், இருட்டில், குளிரில் வைத்தால் தாங்கும். இறால் வரப்பில் நைட்ரஜனுக்கு எங்கே போவது என்பதற்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை. பாறையில் ஒட்டும் சிப்பியின் பசையைப் பார்த்து 2007-இல் டோபமைன் பூச்சு ஒன்று கண்டுபிடித்தார்கள், லேசான காரத் தண்ணீரில் முக்கினாலே டெஃப்லான் வரை எதன் மேலும் ஏறும், தங்கமே வேண்டாம். அடுத்த வருடம் அதைத்தான் முயன்று பார்க்கப்போகிறோம்.

இதையெல்லாம் ஒருவழியாகச் சித்தப்பாவுக்குச் சொல்லி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. உளியைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "அந்த ஒட்டாத மருந்த நம்ம படகுக்கு அடிச்சா என்னத்தா?"

அங்கேயே போனில் கணக்குப் போட்டேன். அடிப்பக்கம் 80 சதுர மீட்டர் என்று வைத்து, எங்கள் தகட்டில் இருப்பது போல 100 நானோமீட்டர் தங்கம் பூசினால் 154 கிராம் வருகிறது. பத்தொன்பது பவுன். ஒரு படகு முழுக்கத் தங்கம் பூச வெறும் பத்தொன்பது பவுனா என்று எனக்கே ஆச்சரியம், இரண்டு முறை சரிபார்த்தேன். அதன் மேல் ஏறுகிற தயால் ஒரு கிராமில் கால்வாசிகூட வராது. "ஆனா ஒரு வாரத்துல போயிரும் சித்தப்பா, தங்கம் மட்டும் நிக்கும்."

அங்கே நின்றிருந்த சித்தி பக்கம் அவர் திரும்பவே இல்லை. பெயிண்ட் டப்பாவைத் திறந்து, குச்சியை விட்டுக் கிளற ஆரம்பித்துவிட்டார்.